பாட்டு முடிந்த பிறகு வந்த இரைச்சல்

கடல் ஊருக்குள் வந்த அன்று நான் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தது கணினியை. மனைவி கொலரைப் பிடித்து இழுத்திராவிட்டால், இந்த மடையனும் மொனிட்டரும் ஒன்றாகவே மிதந்திருப்போம்.

யுத்தம் முடிந்த வருசம் இன்னொரு கணினி வாங்கினேன். அதில் பாட்டு முடிந்தாலும் ஸ்பீக்கர் ஓயாது. கடைசித் துண்டையே திரும்பத் திரும்ப அரைத்து இரையும். எனக்கு அது சுவாரசியமான வியாதி. சவுண்ட் டிரைவர் நிரலைத் திருத்துவேன், இயங்குதளத்தின் உட்கருவான கேர்னலை மறுபடி கட்டுவேன், இரையவிட்டுப் பார்ப்பேன்.

அந்த நாட்களில் மனைவி மகளோடு அடிக்கடி, கடலுக்கு எட்டத்தில் இருந்த மெயின் ரோட்டுப் பக்கம் போனாள். தங்கச்சி வீட்டுக்கு என்று நினைத்தேன். ஒருநாள் அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடியதைக் கண்டுதான் கேட்டேன்.

"இந்த ஸ்பீக்கர் இரையிறது அண்டைக்குக் கடல் வந்த சத்தம் மாதிரியே இருக்கு. மகளத் தூக்கிட்டு ஓடாம இருக்க ஏலாது."

எனக்குப் பகிடி பேச வரவில்லை. அவளுக்காகவே வேலையைத் துரிதப்படுத்தினேன். அதாவது, முன்னைவிட அடிக்கடி இரையவிட்டேன். கடைசியில் பிழை அகப்பட்டது. ஒலி அட்டையை நிறுத்தும் கட்டளை பிந்திப் போயிருந்தது. நிரலில் இரண்டு வரியை மேலே தூக்கிவைத்தேன். பாட்டு முடிந்தது, ஸ்பீக்கரும் அடங்கியது.

மகளை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றவளிடம், "கேர்னலுக்குள்ளயே பூந்து பிடிச்சிட்டன் புள்ள. இனிப் பயமில்ல," என்றேன்.

"அதுவரைக்கும் அந்த ஸ்பீக்கர் வயரக் கழட்டி வெச்சிருக்கலாமே."