கன்னியம்மா பூட்டிய கேட்

1. இருநூறு குஞ்சுகள்

மீனம்பாக்கம் ஏர்போர்ட் கார்கோவில் பெட்டிகளை வெளியே கொடுத்ததும் நான் முதலில் செய்த காரியம், அட்டைப்பெட்டியின் காற்றுத் துளையில் காதை வைத்ததுதான். உள்ளே கீச்கீச்சென்று சத்தம் கேட்ட பிறகே எனக்கு மூச்சு வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். காட்டுப்பாக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு கோழிப்பண்ணையில் நான் சூப்பர்வைசர். வந்தவை, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட இறகுள்ள ஒரு பழைய ரகம். அதன் சொந்த நாட்டிலேயே அருகிப்போயிருந்தது. இறக்குமதி அனுமதிக்காக எங்கள் முதலாளி ஒரு வருடத்துக்கு மேல் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். குஞ்சுகளை அனுப்பிய பெரியவர் அத்தோடு தன் கோழிக்கூட்டத்தையே கலைத்துவிட்டார். செத்தால் மறுபடி வராது.

ஒரு மாதம் க்வாரண்டைன், அதாவது மற்றக் கோழிகளின் நோய் ஒட்டாமல் தனியே வைத்திருக்க வேண்டும். பண்ணையின் கடைசி மூலையில் தனி ஷெட், தனி வேலி, தனி கேட். உள்ளே போக இரண்டு பேருக்குத்தான் அனுமதி: எனக்கும் கன்னியம்மாவுக்கும். குளித்து, உடை மாற்றி, மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே போகிறவர் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது.

கன்னியம்மா மாங்காட்டுக்காரர். முன்பு நாற்று நட்டவர். நிலங்கள் பிளாட் ஆனதும் எங்களிடம் வந்தார். படிப்பில்லை. தன் ஒன்பது கோழிகளையும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஷெட் வேலையை ஒப்புக்கொண்டார். நானும் என் வீட்டில் கோழி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருமுல்லைவாயிலில் என் வீட்டுக் கொல்லையில் நாலு நாட்டுக்கோழிகள் இருந்தன. நாளைக்குக் கொடுத்துவிடலாம், நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று தள்ளிப் போட்டேன்.

2. கேட்டுக்கு வெளியே

குஞ்சுகள் வந்த பத்தாவது நாள் காலை, என் வீட்டுக் கோழிகளில் ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்திருந்தது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, வெள்ளைக்கழிச்சல்; கோழிகளைக் கூட்டத்தோடு கொல்லும் தொற்றுநோய். கையில் தூக்கும்போதே உயிர் போய்விட்டது. அதைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பினேன். குளித்துவிட்டுத்தானே உள்ளே போகிறோம் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கன்னியம்மா எனக்கு முன்பே வந்து உள்ளே இருந்தார். கேட்டைத் திறக்க வந்தவர் நின்றுவிட்டார்.

"இன்னா சார், சட்டைல றெக்கை ஒட்டிகினு கீது?"

"வழியில எங்கயாவது ஒட்டியிருக்கும். கேட்டைத் திற."

"உன் ஊட்ல கோயி கீதா சார்?"

நான் தலையாட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"செத்துச்சா?"

"ஒண்ணு. இப்பதான், காலையில."

அவர் பூட்டை எடுத்து உள்பக்கமாகப் பூட்டினார். "அப்ப நீ வராத சார்."

"நான்தான் இங்க சூப்பர்வைசர். ஞாபகம் இருக்கட்டும்."

"அதாலதான் சொல்றேன். நான் இப்டி வந்து நின்னா நீ உள்ள உடுவியா? நீயே சொல்லு."

விட்டிருக்க மாட்டேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ரோட்டுக்கடை போனிலிருந்து எங்கள் பண்ணை டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"நேத்து உள்ள போனீங்களா?" என்று கேட்டார்.

"சாயங்காலம் வரைக்கும் இருந்தேன் டாக்டர்."

குஞ்சுகளுக்கு இந்த நோய்க்கான தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டு விட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எதிர்ப்புச் சக்தி வந்திருக்காது.

"கன்னியம்மா செஞ்சதுதான் சரி. இனி நீங்க ரோட்டோட நின்னுக்கணும். செத்த கோழியை ஐஸ்ல வெச்சு லேபுக்கு எடுத்துட்டுப் போங்க. முதலாளிகிட்ட நீங்களே சொல்லுங்க."

லேபில் வெள்ளைக்கழிச்சல்தான் என்றார்கள். முதலாளியிடம் கையெழுத்து விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "குஞ்சு பொழைக்குதான்னு பாப்போம். அப்புறம் உங்களைப் பத்திப் பேசலாம்" என்றார்.

3. ரோட்டிலிருந்து எழுதிய ரிஜிஸ்டர்

கன்னியம்மா அன்றிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. தீவன ரூமிலேயே பாய் விரித்துக்கொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அவர் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து கேட்டருகே சாப்பாடு வைத்துவிட்டுப் போவார். தினமும் காலை நான் ரோட்டில் நிற்பேன். கன்னியம்மா வேலிக்கு உள்ளே, இருபதடி தள்ளி நின்று, சுவரில் கரியால் போட்ட கோடுகளை எண்ணிச் சொல்வார். எத்தனை தட்டு தீவனம், எத்தனை குஞ்சு சுறுசுறுப்பில்லை. நான் எழுதுவேன்.

கேட்டைப் பூட்டியதிலிருந்து ஐந்தாம் நாள் அவர் தீவனக் கணக்குக்கு முன்பே சொன்னார்: "ரெண்டு செத்துப்போச்சு சார்."

நான் ஓடிப்போய்ப் போன் செய்தேன். டாக்டரம்மா வந்து அவற்றை எடுத்துப் போனார். இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகுதான் சேதி வந்தது. விடிகாலைச் சாரலில் குளிர்ந்துபோய் எல்லாம் ஒரே மூலையில் குவிந்ததில் இரண்டு நசுங்கியிருக்கின்றன. நோய் இல்லை. நான் அதை ரோட்டிலிருந்து கத்திச் சொன்னபோது கன்னியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மாதம் முடிந்து கேட் திறந்தபோது நூற்றுத் தொண்ணூற்றெட்டும் உயிரோடு இருந்தன. சிறகில் கோடுகள் தெளிவாக விழ ஆரம்பித்திருந்தன. முதலாளி அவற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் பேசாமல் கன்னியம்மாவிடம் கேட்டார்.

"சொல்லும்மா, இவரை வெச்சுக்கலாமா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"செத்துச்சான்னு நான் கேட்டப்ப பொய் சொல்லிகினு உள்ள வந்துருக்கலாம். வர்ல. இருந்துட்டுப் போவட்டும் சார்" என்றார் அவர்.

அதன் பிறகு அந்தப் பண்ணையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். என் பிள்ளைகள் படித்தது அந்தச் சம்பளத்தில். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மருந்தும் வேலியும் எல்லோரும் போடுவார்கள். உங்களையே தடுத்து நிறுத்தக்கூடிய ஒருவரைக் கேட்டில் வையுங்கள். அவர் தடுத்தால் கோபப்படாமல் திரும்பிப் போங்கள். எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அவருக்கு நான் நேரில் நன்றி சொன்னபோது, "போ சார், கோயிக்குத் தண்ணி வெக்கணும்" என்று எழுந்து போய்விட்டார்.