கோர்ட்டில் சொன்ன பொய்யும் குப்பத்துக் கற்பூரமும்

மெட்ராசிலிருந்து ஒரு அம்மா எங்கள் மீனவக் குப்பத்துக்கு வந்து, எங்கள் வீட்டிலேயே தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் கல் சிற்பத்தைப் பார்ப்பார்கள். இவர் எங்கள் பஞ்சாயத்தைப் பார்க்க வந்தவர்.

"ஊர்ச் சட்டமும் சர்க்கார் சட்டமும் ஒரே வீட்ல எப்படிக் குடித்தனம் பண்ணுதுன்னு பாக்கறதுதான் அக்கா என் படிப்பு" என்றார். அஞ்சாவதோடு நின்றவள் நான். இதற்கெல்லாமா காலேஜ் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் வலைத் தகராறில் எங்க அண்ணன் என் வூட்டுக்காரர் தலையில் துடுப்பால் அடித்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தையல் போட்டவர்கள், அடிபட்ட காயம் என்று போலீசுக்கும் சொல்லிவிட்டார்கள். நாங்கள் கொடுக்காத புகார் கேஸாகிவிட்டது.

கேஸ் மெதுவாக நடந்தது. அதற்குள் குப்பத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மன் கோயில் முன்னால் அண்ணன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணி, நான்தான் அடித்தேன் என்று ஒப்புக்கொண்டான். காயம் ஆறுகிற வரைக்கும் அவர் கட்டுமரத்தையும் அவனே ஓட்ட வேண்டும் என்று தீர்ப்பு. ஓட்டினான். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாகவே கடலுக்குப் போனார்கள்.

அப்போதுதான் சாட்சி சொல்லச் சொல்லி என் வூட்டுக்காரருக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. குப்பத்துத் தலைவரை நாட்டார் என்போம். அவர் எங்கள் வாசலில் நின்றபடியே என் வூட்டுக்காரரிடம் சொன்னார்:

"இங்க தீந்தத அங்க தொறக்காத. வழுக்கி வுழுந்தேன்னு சொல்லு. இல்லன்னா உன் மரம் கடல்ல எறங்காது."

பொய்ச் சாட்சி சொன்னால் ஜெயிலாமே. நிஜத்தைச் சொன்னால் அண்ணனுக்கு ஜெயில், எங்களுக்குப் பட்டினி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

செங்கல்பட்டு கோர்ட்டில் என் வூட்டுக்காரர் கூண்டிலேறி, கடவுள் அறிய உண்மை சொல்வேன் என்று சொல்லிவிட்டு, "மரத்துல வழுக்கி வுழுந்தேங்க" என்றார்.

மாஜிஸ்திரேட் தழும்பைப் பார்த்தார். "மரம் ரெண்டு தடவை அடிச்சுதோ?"

யாரோ சிரித்தார்கள்.

"ஊர்ல பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

பின்னாலிருந்து நாட்டார் பளிச்சென்று, "ஆச்சுங்க சாமி" என்றார்.

போச்சு, இரண்டு பேருக்கும் விலங்குதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது, சாட்சி இல்லை என்று அண்ணனை விட்டுவிட்டார்கள். நாட்டார் சொன்னதை யாருமே எழுதவில்லை. ஊரில் முடிந்தது தெரிந்தேதான் கேட்டிருக்கிறார் அந்த மாஜிஸ்திரேட். எங்களோடு வந்திருந்த படிக்கிற அம்மா பேனாவை மூடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

அதோடு விட்டதா? பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாட்டார் என் வூட்டுக்காரரை மறித்தார்.

"நேரா கோயிலுக்கு வா. சாமி பேர சொல்லிப் பொய் சொல்லிட்டு வந்திருக்க. கழுவணும்."

"நீதானே நைனா சொல்லச் சொன்ன?"

"பொய் சொல்லச் சொன்னேன். சாமிய எவன் இழுக்கச் சொன்னான்?"

"அங்க அப்பிடித்தான் ஆரம்பிக்கச் சொல்றாங்க."

"அது அவுங்க சட்டம். இது நம்மது."

பொய்யைச் சொல்லிக்கொடுத்தவரே அதற்குத் தண்டனையும் கொடுக்கிறார். என் வூட்டுக்காரர் கடலில் முழுகி, ஈர வேட்டியோடு கற்பூரத்தை அணைத்து, "மச்சான்தான் துடுப்பால அடிச்சான்" என்று ஊரே கேட்கும்படி சொன்னார். பக்கத்திலேயே நின்ற அண்ணன், "ஆமா, ரெண்டு அடி" என்றான்.

"செரி, காலையில மரத்த எறக்குங்க" என்று நாட்டார் எழுந்துகொண்டார்.

வலையை யார் தூக்குவது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே முன்னால் நடந்தார்கள். அத்தனை சத்தமாகச் சொன்னாரே, போலீஸ் காதில் விழுந்திருக்குமோ என்று ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நான் பின்னால் போனேன்.