பாம்புக்காது

நூற்பு ஆலையில் அந்த ஃபிட்டருக்குப் பாம்புக்காது என்று பெயர். ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இயந்திரத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொள்வார். எந்த பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று அதை வைத்தே சொல்லிவிடுவார். முப்பது வருடம் அப்படித்தான் ஓடியது.

வீட்டில் கதை வேறு. மனைவி சீப்பு கேட்டால் சோப்பு வரும்.

“ஆலைக்குத்தான் பாம்புக்காது. எனக்குன்னா பாறாங்கல்லு.”

“வாய்க்குள்ளயே பேசினா யாருக்குடி கேக்கும்?”

அவள் வாய்க்குள் பேசவில்லை என்பது அவருக்கே தெரியும். ஆலையில் வருடத்துக்கொருமுறை காதுப் பரிசோதனை உண்டு. தேறாதவர்களை இயந்திரக் கூடத்திலிருந்து சாமான் அறைக்கு மாற்றிவிடுவார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே பரிசோதிக்கும் பெண்ணின் விரல் அசைவது கண்ணாடி வழியே தெரியும். விரல் அசைந்தால் இவரும் அழுத்துவார். நான்கு வருடம் தேறினார்.

ஐந்தாம் வருடம், பரிசோதனைக்குப் பத்து நாள் முன்பு, கூட்டாளி கையை இயந்திரத்துக்குள் விட்டபடி, “போடாதீங்கண்ணே” என்றான். இவர் காதில் “போடுங்கண்ணே” என்றுதான் விழுந்தது. சுவிட்சைப் போட்டார். கூட்டாளிக்கு இரண்டு விரல்களில் நகம் போயிற்று.

“விடுங்கண்ணே. அந்த இரைச்சல்ல நான்தான் சத்தமா சொல்லியிருக்கணும்” என்றான், கட்டுப் போட்ட கையோடு.

அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இந்தமுறை கூண்டுக்குள் போனதும் கண்ணை மூடிக்கொண்டார். தாழ்ந்த, கனத்த ஒலிகள் வந்தன, அழுத்தினார். பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. அந்தப் பெண் கூண்டைத் திறந்து, அதிரும் சிறு வில்லை ஒன்றைக் காதுக்குப் பின்னால் வைத்தாள். ஸ்க்ரூடிரைவர் காய்ப்பு ஏற்றியிருந்த அதே இடம். கீச்சு ஒலிகள் அந்த வழியாகவும் வரவில்லை.

அவள் விளக்கினாள். உள்காது நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும். உள்ளே வரிசையாக நுண்மயிர் அணுக்கள். கீச்சு ஒலிகளுக்கானவை வாசலிலேயே இருப்பதால், வருகிற இரைச்சலெல்லாம் அவற்றை மிதித்துக்கொண்டுதான் போகும். வாசல் மிதியடி மாதிரி அவைதான் முதலில் தேயும். தேய்ந்தால் திரும்ப முளைக்காது. அதனால் பேச்சு கேட்கும், ஆனால் பேச்சின் விளிம்பு போய்விடும். கருவி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

‘போடாதீங்க’வில் ‘தீ’ போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவள் பழைய தாள்களைப் புரட்டினாள். “போன வருஷம் வரைக்கும் எல்லாம் நல்லாதானே இருந்துச்சு?”

“கண்ணு நல்லா இருந்துச்சும்மா.”

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் எழுதினாள்.

திங்கட்கிழமை முதல் சாமான் அறை. அங்கே இரைச்சல் கிடையாது. கூட்டாளி வந்து பேரிங் கேட்டபோது, இவர் அவன் வாயைப் பார்த்தபடி, “இன்னொருதரம் சொல்லு” என்றார். அவன் சொன்னான். சரியானதைத்தான் எடுத்துக் கொடுத்தார்.