லென்ஸில் வைத்த சந்தனம்

முடிச்சூர் துளசிங்கத்துக்குச் சந்தன வாசனை பட்டாலே குமட்டும். கல்யாண மண்டப வாசலில் கிண்ணத்தை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார். கறுப்புச்சட்டைக் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்றார்கள் சிலர். மதம் மாறிவிட்டார் என்றார்கள் சிலர். இரண்டும் சுத்தப் பொய். சாமியோடு அவருக்கு ஒரு சண்டையும் கிடையாது.

தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அவர் டெக்னீஷியன். 1987-ல் அங்கே ஒரே ஆராய்ச்சிதான். ஆர்கான் வாயுவைக் குழாயில் விட்டு மைக்ரோவேவ் கொடுத்தால், திறந்த காற்றிலேயே பென்சில் கனத்துக்கு ஒரு சுடர் நிற்கும். பிளாஸ்மா என்பார்கள். அதற்குள் வாயுவின் சூடு எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். தெர்மாமீட்டரை விட்டால் உருகிப்போகும். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். வாயுவில் இருக்கும் துளி ஈரம், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை உமிழும்; அது போட்டோத் தட்டில் மெல்லிய கோடுகளாக விழும். எந்தக் கோடு எவ்வளவு பிரகாசம் என்று ஒப்பிட்டால் சூடு தெரிந்துவிடும். அந்த ஒளி சாதாரணக் கண்ணாடியில் நின்றுவிடும் என்பதால் குவார்ட்ஸ் லென்ஸ் வைத்திருந்தார்கள்.

தட்டை இருட்டறையில் கழுவி, கோடு கோடாக அளந்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது துளசிங்கம். பத்து வருஷத்தில் அவர் எழுதிய அளவை ஒருத்தரும் திருத்தியதில்லை. அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே உண்டு. ஏன் இருக்கக்கூடாது?

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு எப்போதும்போல எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். சிலிண்டருக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று. பக்தி முற்றிப்போய் லென்ஸுக்கும் நடுவில் ஒன்று. மறுநாள் உலர்ந்த துணியால் துடைத்தார். துடைத்துவிட்டதாக நினைத்தார்.

அதே லீவில் துறைத்தலைவர் யக்ஞநாராயணன், வாயு வெளியே வரும் முனைக்குத் தாமே வரைந்து செய்த புதுச் செப்பு மூக்கைக் குழாயில் மாட்டினார். அதுவரை இரண்டாயிரத்து நூறு கெல்வின் காட்டிய சுடர் மூவாயிரம் காட்டியது. எல்லாம் தம் மூக்கின் மகிமை என்று அவர் துள்ளினார். ஸ்வீட் வந்தது. கட்டுரை பத்தே நாளில் வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் பறந்தது.

ஒரு மாதம் கழித்து துளசிங்கம் லென்ஸை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது, முகர்ந்தால் சந்தனம். மறுபடி படம் பிடித்து அளந்தார். இரண்டாயிரத்து நூறு. புது மூக்கு அப்படியேதான் இருந்தது.

நேரே தலைவர் அறைக்குப் போனார். "சார், தப்பு என்னுது. லென்ஸ்ல நான்தான் சந்தனம் வச்சேன். அதோட எண்ணெ ஒட்டிக்கினு இருந்துச்சு. அது சில கோட்ட மட்டும் ஜாஸ்தியா முழுங்கிடுச்சு, அதான் சூடு ஏறிக் காட்டுச்சு. இப்ப பழைய நம்பர்தான் கீது."

"பூஜை சந்தனத்தையா குத்தம் சொல்றே? அபசாரம்!" என்று கத்தியவர், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "பேப்பர் போயாச்சு துளசிங்கம். பதினெட்டாம் தேதி இதைப் பாக்க டெல்லிலேருந்து கமிட்டி வரது. நீ வாயை மூடிண்டு இரு. சீனியர் போஸ்ட் உனக்குத்தான், நான் பாத்துக்கறேன்."

பதினெட்டாம் தேதி காலை தலைவர் வீட்டிலிருந்தே சந்தனம் கொண்டுவந்தார். நெற்றியில் பளிச்சென்று பூசிய அதே கட்டைவிரலால் லென்ஸைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார்; பிறகு துணியால் ஒப்புக்குத் துடைத்தார். இவ்வளவு படித்த மனுஷன். மலத்தை மிதித்துவிட்டது போலத் துளசிங்கம் நின்ற இடத்தில் கூசிப்போனார். கமிட்டி எதிரில் சுடர் ஏற்றினார்கள், படம் பிடித்தார்கள், அளந்தார்கள். மூவாயிரம்.

கமிட்டியில் ஒரு பெரியவர், பெயர் சுந்தரராமன். அவர் மட்டும் சுடரை விட்டுவிட்டுத் துளசிங்கத்தைப் பார்த்தார். "நீங்கதானே அளக்கறது? லென்ஸ் சுத்தமா இருந்ததா?"

ஒரே ஒரு வார்த்தை போதும். பத்து வருஷக் கையெழுத்தின் மதிப்பு அதில்தான் இருந்தது. துளசிங்கம் தலைவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சுத்தமா இருந்துச்சு சார்."

நோட்டில் கையெழுத்துப் போட்டார். போட்டதும் கொல்லைக் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தார். தம் நெற்றியில் இருந்த சந்தனத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தலைவரைக் காறித் துப்பலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பொய் வந்த வாய் தம்முடையதாயிற்றே.

சீனியர் போஸ்ட் வந்தது. கூடவே, அச்சான கட்டுரையின் பிரதி ஒன்றைத் தலைவர் பெரிய மனசோடு கொடுத்தார். கடைசி வரியில், அளவுகளைத் துல்லியமாக எடுத்துத் தந்த துளசிங்கத்துக்கு நன்றி என்று போட்டிருந்தது. புருஷன் பேர் இங்கிலீஷில் அச்சாகியிருப்பது தெரிந்ததும் சாமுண்டீஸ்வரிக்குத் தரையில் கால் பாவவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் பிரேம் போட்டுக்கொண்டு வந்து சாமி படங்களோடு மாட்டினாள்.

"அத கயட்டு," என்றார்.

"இன்னாய்யா பேஜார் பண்ற? ஊர்ல எவன் பேரு இப்படி வந்துகீது?" என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் திரும்பி வரும்போது, சாமுண்டீஸ்வரி எல்லாப் படங்களையும் துடைத்து முடித்திருப்பாள். அந்தப் பிரேமின் கண்ணாடியில், சரியாக அவர் பெயருக்கு மேலே, ஈரம் காயாத சந்தனம் இருக்கும்.