அழித்ததை எங்கே வைத்தீர்கள்?

தொலைபேசிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு மோடம் இருந்தது. அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து யார் அழைத்தாலும் லைன் கிடைக்காது. நாலந்தாப் பக்கம் இருந்த எங்கள் நீர்ப்பாசனக் காரியாலயத்தை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அந்த விளக்கும், அதை முறைத்துக்கொண்டு நிற்கும் மிஸ்ஸும்தான்.

மிஸ் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த பொறியியலாளர். எவ்வளவு மழை பெய்தால் எந்தக் குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிடும் மென்பொருளை எழுதியவர். நான் அதே அறையில் வேலை பார்த்தவன். ஒவ்வொரு புதிய பதிப்பையும் யட்டவத்தை போன்ற இடங்களிலிருந்த கிளைகள் எங்கள் தொலைபேசி வழியாகத்தான் தரவிறக்கம் செய்ய வேண்டும். பாதியில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. மழைக்காலத்தில் குளங்களின் வான்கதவுக் காவலர்கள் நீர்மட்டம் சொல்ல அழைப்பதும் அதே இலக்கத்துக்குத்தான். மிஸ்ஸை அரித்தது அதுதான். “தம்பி, இந்த மூட்டையை அவிழ்த்துப் பாருங்கோ. அரைவாசியும் ஆருக்கும் வேண்டாத சாமான்” என்றார்.

அவரே அவிழ்த்தார். சோதனைக்காக எழுதிய பகுதிகள், படங்கள் நிறைந்த விளக்கப் புத்தகம், இரண்டு தடவை கிடந்த ஒரே கோப்பு, உதாரணத்துக்கு வைத்திருந்த குளங்களின் வரைபடங்கள், எல்லாம் போயின. புதிய பதிப்பு ஒரு கோப்பை பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் கிளைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

அது போர்க்காலம். சில நாட்களில் சிவில் உடையில் புலனாய்வுக்காரர் இருவர் வந்தார்கள். மிஸ் குளங்களின் வரைபடங்களை ஒளித்துவிட்டார் என்று யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். காரியாலயத்திலேயே இரண்டு பேர் மேல் எனக்கு இன்றும் சந்தேகம். அவர்களில் ஒருவரின் மகள் கலியாணத்துக்கும் போய்ச் சாப்பிட்டுத்தான் வந்தேன். கேள்விகள் சிங்களத்தில் வந்தன. வரைபடங்கள் எங்கே? அழித்துவிட்டேன். அழித்ததை எங்கே வைத்தீர்கள்? மிஸ் பழைய பதிப்பையும் புதியதையும் ஒரே மழைக்கு ஓட்டிக் காட்டினார். விடை ஒன்றாகவே வந்தது. வந்தவர்களில் மூத்தவர் நம்பவில்லை. “இரண்டும் ஒரே விடை என்றால், பெரியதில் மிச்சமாக இருந்தது என்ன?” என்றார். அடையாள அட்டையை, ஐசியை, வாங்கிக்கொண்டு மிஸ்ஸை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.

மறுநாள் பின்னேரம் விட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு நான் அறைக்குள் நுழைந்தால் கணினித் திரையை அணைத்துவிடுவார். எனக்கு அது தாங்கவில்லை. போட்டுக்கொடுத்தது நான் இல்லை என்று சத்தியம் செய்யலாம். எதுவுமே கேட்காதவரிடம் எப்படிச் சத்தியம் செய்வது?

அடுத்த பதிப்பு பழையதைவிடப் பெரிதாக இருந்தது. திறந்து பார்த்தேன். சீகிரியாக் கல்லின் படம், ஒரே படம், வேறு வேறு பெயர்களில் கோப்புக்குக் கோப்பு கிடந்தது. “என்ன மிஸ் இது?” என்றேன். “பாரம். குறைஞ்சால்தானே கேக்கினம்? கூடினால் ஒருத்தரும் கேக்க மாட்டினம்” என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. அவர் சொன்னது சரி. ஒருவரும் கேட்கவில்லை.

அடைமழை நாளொன்றில் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதை இறக்கிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து சிவப்பு விளக்கு அணையவே இல்லை. மத்தியானம் வான்கதவுக் காவலர் ஒருவர் சைக்கிளில் வந்து, சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்.

“விடிஞ்சதுல இருந்து போன் எடுக்கிறேங்க மிஸ், லைனே கிடைக்கல. தண்ணி மட்டம் தாண்டிருச்சு. கதவத் தெறக்கவா வேணாமான்னு கேக்க வந்தேன்.”

மிஸ் மோடத்தின் வயரைப் பிடுங்கினார். “உடனே திறவுங்கோ” என்றார். காரியாலய ஜீப்பில் காவலரை அனுப்பினோம். குளத்துக்குக் கீழே இருந்த ஆட்கள் தப்பினார்கள். ஆனால் கதவு திறக்கப் பிந்தியதில் விளைந்து நின்ற வயல் மூழ்கியது.

அன்று பின்னேரம் மிஸ் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். திரையை அணைக்கவில்லை. “கேட்டால் கேக்கட்டும், தம்பி” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது என் கைத்தொலைபேசி என்னைக் கேட்காமலே எதையெதையோ இறக்கிக்கொள்கிறது. எவ்வளவு பெரிது என்று வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன், உள்ளே எத்தனை சீகிரியாக் கல் கிடக்கிறதோ என்று. சிவப்பு விளக்குத்தான் இதில் இல்லை. வாசலில் யார் நனைந்துகொண்டு நிற்கிறார் என்று எப்படித் தெரியும்?