அண்ணியின் திருப்புளி

மலிவான கருவி காரைக் கெடுத்துவிடும் என்பது அந்நாளில் எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. அதற்குச் சான்றுபோல, மாமல்லபுரத்து வீட்டுக் கூடத்தின் அலமாரியில் அண்ணனின் பெட்டி இருந்தது. வெளிநாடு போய்வந்த சக பொறியாளர் ஒருவர் அவருக்காக வாங்கிவந்த பெட்டி. உள்ளே கருநீல வெல்வெட் பள்ளங்களில் ஸ்பேனர்கள் அளவு வரிசையில் படுத்திருக்கும். கடற்காற்றின் உப்பு தீண்டிவிடாதபடி ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "ரோட்டோரம் விக்கறானே, அது ஸ்பேனரா? டீ ஸ்பூன்!" என்பார். அப்பாவும் நானும் சிரிப்போம்.

ஞாயிறுதோறும் அண்ணன் காரின் முன்மூடியைத் திறந்து குனிந்திருக்க, பக்கத்தில் அண்ணி நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பார். "பத்து" என்றால் பத்து, "பன்னண்டு" என்றால் பன்னிரண்டு. பதினோரு ஆண்டுகளில், எண்ணைச் சொல்லும் முன்பே உரிய ஸ்பேனர் அண்ணன் கைக்கு வந்துவிடும் நிலை ஏற்பட்டிருந்தது. இத்தனை ஆண்டுகளாக அண்ணி எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சர்க்கரை நோய் அண்ணனின் பார்வையைக் கொண்டுபோனது. தொடர்ந்து சிகிச்சை எடுத்தால் ஓரளவு மீளலாம் என்றார் மருத்துவர். வாரம் இருமுறை செங்கல்பட்டுக்குப் போகவேண்டும். அண்ணி ஏற்கெனவே கார் ஓட்டக் கற்றிருந்ததால் சில மாதங்கள் சிக்கலின்றிக் கழிந்தன. பிறகு ஓர் அடைமழைக்குப் பின் கார் கிளம்ப மறுத்தது. பார்க்க வந்த மெக்கானிக், இனிமேல் இதற்குச் செலவு செய்வது வீண் என்று கைவிரித்தார். அந்த வாரம் பேருந்தில் போனார்கள். இறங்கும் அவசரத்தில் அண்ணன் படி தவறி, அத்தனை பேர் முன்னிலையில் தரையில் விழுந்தார். வீடு திரும்பியதும், "இனிமே நான் எங்கயும் வரல. கண்ணும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவே இல்லை.

காரை விற்றுவிடலாம் என்று அப்பா முடிவெடுத்தார். நான் மறுக்கவில்லை. என் கையெழுத்து அழகாயிருக்கும் என்பதால், தடித்த அட்டையில் 'விற்பனைக்கு' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டியவளும் நானே. ஞாயிறு காலை ஒருவர் பார்க்க வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை அண்ணி செங்கல்பட்டுக்குப் போய், பேருந்து நிலையத்துக்கு அருகில் சாக்குவிரித்துக் கடை போட்டிருந்தவரிடம் ஒரு ரெக்சின் பை நிறைய ஸ்பேனர்களும் ஒரு திருப்புளியும் வாங்கிவந்தார். அப்பாவுக்குக் கோபம் வந்தது.

"உள்ள தங்கமாட்டம் ஒரு பெட்டி இருக்கு. அவன்கிட்ட சாவியக் கேட்டு வாங்க வேண்டியதுதானே?"

"அது அவர் பெட்டி மாமா. பார்வை வந்ததும் அவர் எடுக்கணும். இப்ப நான் கேட்டா, வராதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

அப்பா உள்ளே போய்விட்டார். நான் அந்த அட்டையைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை.

வழுக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்த ஸ்பேனர்கள் அண்ணியின் கையில் வழுக்கவில்லை. பிளக்குகள் கழன்றன. பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைப் பொடி சுத்தமானது. தளர்ந்திருந்த பெல்ட் இறுகியது. கடைசியாக, பொறி பிறக்கும் இடமான 'பாயிண்ட்'டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதைப் பிடித்திருந்த சிறிய திருகாணியில் உப்பு ஏறி இறுகியிருந்தது. அண்ணி அழுத்தித் திருக, திருப்புளியின் நுனி வெற்றிலைபோல் மடங்கியது.

நாற்காலியிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. பல நாட்களுக்குப் பிறகு அவர் தாமாகப் பேசிய பேச்சு அது.

"மடங்கிச்சா? நான்தான் சொன்னேனே, டீ ஸ்பூன்னு."

"ஸ்பூனோ கரண்டியோ, மீதி எல்லாத்தையும் கழட்டிடுச்சுங்க," என்றார் அண்ணி.

எங்கள் தெருக்கோடியில் சிற்பிகளின் உளிகளைக் காய்ச்சித் தீட்டிக்கொடுக்கும் பட்டறை ஒன்று உண்டு. கல்லில் மழுங்கிய உளிகள் தினமும் அங்கே போகும். கூர்மை பெற்றுத் திரும்பும். அண்ணி திருப்புளியை அங்கே கொண்டுபோனார். பட்டறைக்காரர் தம் பழக்கப்படி செக்கச்செவேலெனக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அதைத் திருகாணியில் வைத்துத் திருப்பியதும் 'டிக்' என்ற ஓசையுடன் நுனி உடைந்து தெறித்தது.

இம்முறை அண்ணன் கேலி செய்யவில்லை. "இங்க குடு" என்று கை நீட்டினார். உடைந்த விளிம்பைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"முதல்ல மடங்கிச்சு. இப்ப ஒடைஞ்சிருக்கு. அப்ப இரும்பு தோய்ச்சலுக்குக் கட்டுப்படுது. இரும்பு மேல குத்தம் இல்ல. அந்த ஆள் இத கல்லு கொத்தற சாமான்னு நெனச்சு ரொம்ப கெட்டியாக்கிட்டார். நீலம் ஓடற வரைக்கும் மறுபடி லேசா சூட்டுல காட்டச் சொல்லு."

மறுநாள் அண்ணியோடு நானும் போனேன். பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அட, கை பழக்கம்மா! கருங்கல்லுக்குத் தோய்ச்ச மாதிரியே தோய்ச்சிகினு குட்த்துட்டேன். இத்த வச்சி நீ இன்னா கல்லா ஒடைக்கப் போற? திருகத்தானே போற?" நுனியைத் தேய்த்துச் சீராக்கி, பழையபடி தோய்த்து, பளபளப்பாக்கினார். பிறகு மெல்லிய சூட்டில் காட்டினார். இரும்பின் மேல் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, அதன்பின் மயில் கழுத்தின் நீலம் ஊர்ந்து வந்தது. அங்கேயே நிறுத்தினார்.

அன்று மாலை அந்தத் திருகாணி கழன்றது. பாயிண்ட்டின் இடைவெளியை அளக்கும் தகடு அண்ணனின் பெட்டிக்குள் இருந்தது. அண்ணி கண்ணாடிக்கு எட்டி, நான் எழுதிய அட்டையின் ஓரத்தைக் கிழித்து, அந்தத் துண்டை இடையில் வைத்து அளவு பார்த்தார். என் அழகான 'வி' அதோடு போனது.

ஞாயிறு காலை வந்தவர் வாசலில் நின்றிருக்கும்போதே கார் இரைந்து கிளம்பியது. "வண்டி விக்கறதில்லீங்க. காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் அண்ணி, சன்னல் வழியாக. அண்ணன் சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

அண்ணி அதை வாங்கி, மறுபடி அவர் பையிலேயே போட்டார். "எனக்கு இது போதும்" என்று ரெக்சின் பையைத் தட்டினார். "நாளைக்கு ஆஸ்பத்திரி. ஏழு மணிக்குக் கெளம்பணும்."

அண்ணன் கிளம்பினார். பார்வை முழுமையாக மீளவில்லை. வெளிச்சமும் நிழலும் பிரிகிற அளவுக்குத் தேறியது. கார் மேலும் ஏழாண்டுகள் ஓடியது. அந்த ஏழாண்டுகளில் ரெக்சின் பையில் மாற்ற நேர்ந்தது ஒரு ஸ்பேனரை மட்டுமே.

இப்போது நாவலூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில், கார் வைத்திருக்கும் இளைஞர்கள் மலிவான கருவிகள் வீட்டு வேலைக்கு ஆகுமா என்று விவாதிப்பதைக் கேட்கிறேன். ஆகும் என்று சொல்கிறேன். காரைத் தூக்கும் ஜாக்கியை மட்டும் விலை பார்க்காமல் வாங்குங்கள். அதன் அடியில் உயிர் படுக்கிறது. மற்றபடி எது மடங்கும், எது உடையும் என்று தெரிந்த கை இருந்தால் ஆகும். அவர்கள் மரியாதையாகச் சிரிக்கிறார்கள். நான் என் சொல்லை மாற்றிக்கொள்வதில்லை.

மாமல்லபுரத்து வீட்டுக் கூடத்து அலமாரியில் அந்தப் பெட்டி பூட்டியபடியே இருக்கிறது. அதன்மேல் நீல நுனித் திருப்புளி கிடக்கிறது. அப்பா இல்லை, அண்ணனும் இல்லை. அந்த வீட்டில் அண்ணி இருக்கிறார்.