சப்வே மேட்டில் எழும்பிய முன்சக்கரம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜூலை மாதம் நடந்தது. அப்போது மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தோம். தினமும் காலையில் ஆறு வயது மகளை சைக்கிளில் உட்காரவைத்து, ரயில் பாதைக்கு அடியில் போகும் சப்வேயைத் தாண்டி, தி.நகரில் பள்ளியில் விட்டுவிட்டு ஆபீஸ் போவேன்.

வெளிநாட்டிலிருந்து மச்சினர் கொண்டுவந்து கொடுத்த சைக்கிள் அது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்தது. எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. முன்பக்கம் இன்னும் தூக்கலாக நின்றால் எடுப்பாக இருக்குமே என்று எனக்கு ஒரு ஆசை. ராயப்பேட்டையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். உள்ளே இருக்கும் சின்னக் குழாய்த் துண்டை எடுத்துவிட்டால் ஃபோர்க் இரண்டு அங்குலம் நீளும் என்றார் கடைக்கார பாய்.

"ஆனா மேட்ல ஏறசொல்ல முன்சக்கரம் லேசாயிடும் சார், நேரா நிக்காது."

"மெட்ராஸ்ல மலை எங்க பாய் இருக்கு?" என்று கேட்டுவிட்டு வேலையை முடித்து வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை பள்ளிக்கு நேரமாகிவிட்டது. சப்வேக்குள் சுலபமாக இறங்கிவிட்டேன். எதிர்மேட்டில் ஏற ஆரம்பித்ததும்தான் வினை. ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் அமுங்கி எழும்பியது. ஹேண்டில்பாரில் பிடிமானமே இல்லை. வலதுபுறம் ஓடியது, திருப்பினால் இடதுபக்கச் சுவரை நோக்கிப் போனது.

"ஆடாம உக்காரு" என்றேன்.

"ஆடலப்பா" என்றாள் கேரியரிலிருந்து.

பின்னால் ஒரு பஸ் வரும் உறுமல். சப்வேக்குள் அது நெஞ்சில் அதிர்ந்தது. இறங்கித் தள்ளலாமென்றால் ஒருபக்கம் சுவர், மறுபக்கம் வரிசையாக ஆட்டோக்கள். "ஆடாதேன்னு சொல்றேன்ல" என்று கத்தினேன். சின்னக் கைகள் என் சட்டையை இறுக்குவது மட்டும் தெரிந்தது. பயத்தில் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். முன்சக்கரம் தரையை விட்டே எழும்பியது. இருவரும் ரோட்டில் விழுந்தோம். மகளை இழுத்து அணைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

எதுவும் நடக்கவில்லை. பத்தடி தள்ளி பஸ் நின்றிருந்தது. டிரைவர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து மகளின் முட்டியைப் பார்த்தார். வெறும் சிராய்ப்புதான்.

"கீய இருந்தே பாத்துகினுதான் வர்றேன். முன்சக்கரம் தூக்கிகினே போவுது. ஹாரன் அடிச்சா நீ பயந்துடுவன்னுதான் அடிக்கல. கொயந்த கல்லு மாரி உக்காந்துகினு கீது. அது மேல போய் கத்துறியே" என்றார்.

அவருக்குப் பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாங்கள் மேலேறும் வரை பஸ்ஸை நகர்த்தவே இல்லை.

மேலே வந்ததும் மகள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நான் மூச்சுகூட விடலப்பா."

ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று மாலையே ஃபோர்க்கைப் பழைய உயரத்துக்கு இறக்கினேன். அடுத்த நாள் அதே மேட்டில் அவளோடு ஏறியபோது சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டு நேராகப் போனது.

இன்று அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. அந்தக் காலை தனக்கு நினைவே இல்லை என்கிறாள். எனக்கோ, வீட்டில் யார் மேலாவது குரல் உயரப் போகும்போதெல்லாம், தப்பு என்னிடம் இருக்குமோ என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கத் தோன்றுகிறது.